கடந்து போகப் பழகுதல்: ஆனையிறவும் கடிபடுற நாயும்

மற்ற நாயைக் கண்டதும் பாய்ந்து கடிபடுற நாய் ஒன்றை வைத்திருக்கிற வீட்டுக்காரருக்கு ஊர் மூன்று தீர்வு சொல்லும். சாகும்வரை சங்கிலியில கட்டு. நல்லா நாலு அடி போட்டு ஆர் பெரிசு எண்டு காட்டு. இல்லாட்டி ஏ9 வீதியில கொண்டுபோய் இறக்கிவிட்டிட்டு வா. இந்த மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: வளர்ந்த நாய் இனித் திருந்தாது, அதை அடக்க மட்டும்தான் முடியும். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஆனையிறவிலிருந்தே தேடத் தொடங்கலாம். வளர்ந்த மிருகத்தைப் பழக்கிய கதை அந்த ஊரின் பெயரிலேயே கிடக்கிறது.

பெருநிலத்தையும் குடாநாட்டையும் இணைக்கும் அந்த ஒடுங்கிய நிலத்தால்தான் வன்னிக் காட்டு யானைகள் யாழ்ப்பாணம் போயின. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் யானைகளைத் திறையாகக் கட்டினார்கள். அவை ஊர்காவற்றுறையில் கப்பலேறி இந்தியாவுக்கு விலைபோயின. பிடிபட்டவற்றில் பல வளர்ந்த யானைகள். கயிறு, பசி, அடி எல்லாம் அந்தப் பழக்கலில் இருந்தது. அதை அழகுபடுத்திச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. 1847இல் குருநாகலில் யானை பிடிப்பதை நேரில் பார்த்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் அதை விரிவாக எழுதியிருக்கிறார். வெறிகொண்டு நிற்கும் காட்டு யானைக்குப் பக்கத்தில் பழகிய யானைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மனிதன் நெருங்க முடியாத இடத்தில் அமைதியான இன்னொரு யானைதான் வேலையைச் செய்தது. பலமும் பக்கத்துணையும் என்று இரண்டு வழிகள் அப்போதே இருந்தன. நாய்களின் விஷயத்தில் உலகம் நீண்டகாலம் முதலாவதையே பிடித்துக்கொண்டது.

1910இல் ஜெர்மனியில் கொன்றாட் மோஸ்ற் என்ற பொலிஸ் அதிகாரி நாய்ப் பயிற்சிக்கு ஒரு கைநூல் எழுதினார். பொலிஸ் நாய்க்கும் பிறகு போர்நாய்க்கும் அது வழிகாட்டியானது. மனிதன் எசமான், நாய் பணியவேண்டும், பணியாவிட்டால் பலம் என்பதுதான் அதன் அடிப்படை. 1947இல் றுடோல்ப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிற்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச்சாலை ஓநாய்களைப் பற்றி எழுதினார். ஓநாய்கள் ஓயாமல் தலைமைக்குச் சண்டை பிடிக்கின்றன, வென்றது தலைவன் ஆகிறது என்றார். 'நாயும் ஓநாய்தானே, நீதான் தலைவன் எண்டு காட்டு' என்ற பேச்சு அதிலிருந்து வளர்ந்தது. 1978இல் அமெரிக்காவின் நியூ ஸ்கீற் மடத்துத் துறவிகள் எழுதிய பிரபலமான புத்தகம் ஒன்று, நாயை மல்லாக்கப் புரட்டி அமத்திப் பிடிக்கச் சொன்னது. பின்னாளில் வந்த புதிய பதிப்பில் அவர்களே அதைக் கைவிட்டார்கள்.

ஏன் கைவிட்டார்கள்? ஷெங்கல் பார்த்த ஓநாய்கள் எங்கே இருந்தன என்று பாருங்கோ. 10 மீட்டருக்கு 20 மீட்டர் அடைப்பு. அதுக்குள்ள பத்து ஓநாய்கள் வரை. விலகிப் போக இடமே இல்லை. டேவிட் மெக் என்ற ஆய்வாளர் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களோடு பல கோடைகாலங்களைக் கழித்துவிட்டு 1999இல் எழுதினார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் கொண்ட ஒரு குடும்பம்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் புத்தகம் தேவையில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள்ள தண்ணி வரிசையில நிண்ட சனம் வாளிக்குச் சண்டை பிடிச்சதை மட்டும் பார்த்த ஒருத்தர், 'வன்னிச் சனத்தின்ர குணமே இதுதான்' எண்டு எழுதினால் எப்பிடி இருக்கும்? அடைப்புக்குள் தெரிவது குணமில்லை, அடைப்பின் விளைவு. சங்கிலியில் நாள்முழுக்கக் கிடக்கும் நாய் படலையால் போகிற ஒவ்வொரு நாய்க்கும் குரைத்துப் பாய்வதும் அப்படித்தான். அதால் ஓடவும் முடியாது, கிட்டப் போய் மணந்து பார்க்கவும் முடியாது. மிஞ்சுவது பாய்ச்சல் ஒன்றுதான்.

சரி, வளர்ந்த நாய் மாறுமா? அமெரிக்காவின் பார் ஹார்பரில் நாய்களை நீண்டகாலம் ஆராய்ந்த ஸ்கொற்றும் புல்லரும் 1965இல் வெளியிட்ட நூல், குட்டி மற்ற உயிர்களோடு பழகும் முக்கிய காலம் ஏறக்குறைய 3 முதல் 12 வாரம் என்றது. அந்த நேரம் தனியே கட்டப்பட்ட குட்டிக்கு மற்ற நாய்களின் பாஷை சரியாகப் பிடிபடாது. இது உண்மை. ஆனால் 'இனி ஒண்டும் செய்யேலாது' என்று இதற்கு அர்த்தமில்லை.

அதற்கான சான்று ஒரு சின்னப் பெடியனிடமிருந்து வந்தது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் பீற்றர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். மூன்று வயதுகூட முடியாத பீற்றருக்கு முயலென்றால் பயம். அவன் விருப்பமான சாப்பாடு சாப்பிடும்போது, கூட்டுக்குள் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார்கள். அவன் கலங்காத அளவுக்கு நாளுக்குநாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கறம்பியபோதும் பீற்றர் அழவில்லை. 1958இல் ஜோசப் வொல்பே இதே வழியை மனிதரின் பயத்துக்கு மருத்துவ முறையாக்கினார். இன்று நல்ல நாய்ப் பயிற்றுநர் செய்வதும் இதுதான்: தூரம், சாப்பாடு, பொறுமை.

பெரிய சோதனை 2007இல் வந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கல் விக்கின் வளவில் நாய்ச்சண்டைக்கு வளர்த்த சுமார் 50 நாய்கள் பிடிபட்டன. அதுவரை இப்படிப் பிடிபடும் நாய்களைக் கொன்றுவிடுவதுதான் வழக்கம். இந்தமுறை ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். பெரும்பாலானவை தப்பின. கடினமானவை என்று கருதப்பட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்துச் சரணாலயம் ஒன்றுக்குப் போயின. அவற்றில் பல பிறகு வீடுகளில் வாழ்ந்தன. சில கடைசிவரை சரணாலயத்திலேயே இருந்தன. எல்லாம் மாறவில்லை. ஆனால் பார்க்காமலே தீர்ப்பெழுதியது பிழை என்று தெரிந்தது.

எங்கட பக்கம் வருவம். 1893இல் வந்த விசர்நாய்ச் சட்டம் தெருநாயைக் கொல்ல அதிகாரம் கொடுத்தது. 2006இல் அரசு அந்தக் கொலையை நிறுத்தியது. 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் வன்னிச் சனம் ஓடினபோது நாய்கள் வளவுகளிலேயே நின்றுவிட்டன. இன்று ஆனையிறவுக்கு வடக்கே இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது. ஆனால் ஊரில் உள்ள எல்லா நாயையும் ஒரு சரணாலயம் தாங்காது. மிச்சம் எங்கட கையில.

முதல் வேலை மிருக வைத்தியர். விசர்நாய்த் தடுப்பூசி போட்டதா, உடம்பில் நோவு இருக்கா, கருத்தடை செய்யலாமா என்று கேளுங்கோ. சாதுவாக இருந்த நாய் திடீரெண்டு கடிக்கத் தொடங்கினால் பயிற்சி இல்லை, உடனே வைத்தியர்தான்.

பிறகு தூரம். இதுக்கு ஆனையிறவு மாதிரி வெளி நல்லது. உப்பளப் பக்கத்து வெறும் தரையில் இன்னொரு நாய் வருவது வெகுதூரத்திலேயே தெரியும். உங்கட நாய் அதைப் பார்த்தும் விறைக்காமல், குரைக்காமல் நிற்கிற தூரம்தான் தொடக்கக் கோடு. பார்த்ததும் ஒரு துண்டு அவிச்ச மீன். மற்ற நாய் மறைந்ததும் மீனும் இல்லை. நாள்கள் போகக் கோடு கிட்ட வரும். பாய்ந்தால் அடிக்கவேண்டாம், கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் வாங்கோ.

அடுத்தது ரெனன்ற் பார்த்த பழகிய யானையின் வேலை. அமைதியான ஒரு நாயை, இன்னொருவர் கையில் கயிறோடு, ஒரே திசையில் எட்ட நடத்துங்கோ. முகத்துக்கு முகம் நிறுத்தவேண்டாம். வாய்க்கூடு போடப் பழக்கினால் எல்லாருக்கும் நிம்மதி. கடிபட்டால் நடுவில் கையை விடவேண்டாம். வீதியோரத்தில் மண்டையோட்டுப் பலகை இருந்தால் அந்தப் பக்கம் நாயும் வேண்டாம் நீங்களும் வேண்டாம்.

இதுக்கு வாரங்கள் எடுக்கும், சில நேரம் மாதங்கள். முடிவில் உங்கட நாய் எல்லா நாயோடும் விளையாடாது, அது தேவையுமில்லை. பழந்தமிழில் 'இறத்தல்' என்றால் கடத்தல். போர்த்துக்கேயர் காலம் தொட்டுப் படைகள் மாறிமாறி மறித்து நின்ற அந்த ஊரின் பெயர், மறிப்பதைச் சொல்லவில்லை, கடந்து போவதைச் சொல்கிறது. ஒழுங்கையில் எதிரில் வரும் இன்னொரு நாயைப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் கடந்து போகத் தெரிந்தால் ஒரு நாய்க்கு அது காணும்.