சோலையும் பூண்டும்: வட்டவடை மலைப்பகுதி ஆய்வுகளில் பெயரீட்டு வரலாறு

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தில், பழனிமலைத் தொடரை ஒட்டி அமைந்தது வட்டவடை ஊராட்சி. மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவிலுள்ள இம்மலைப்பகுதியில் கோவிலூர், பழத்தோட்டம் முதலிய ஊர்கள் உள்ளன. கொட்டாக்கம்பூர் அண்மையில் உள்ளது. படிப்படியாக வெட்டப்பட்ட சரிவு வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பீன்சு ஆகியவை விளைகின்றன. உழவர் குடிகளின் பேச்சுமொழி தமிழ்; காட்டை அடுத்து வாழ்வோர் முதுவர். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கவேண்டும் என்ற கோரிக்கையை மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955ஆம் ஆண்டு அறிக்கையில் ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் இப்பகுதி கேரளத்தின் பகுதியாயிற்று. அதன் விளைவாக, ஊரின் பேச்சு தமிழிலும் ஆட்சி மலையாளத்திலும் ஆய்வு ஆங்கிலத்திலும் நிகழும் நிலை உருவாயிற்று. ஒரு பொருளுக்கு இம்மூன்றனுள் எதன் பெயர் ஏட்டில் ஏறுகின்றது என்பது, அப்பொருள் எவ்வாறு நடத்தப்படுகின்றது என்பதையும் பலவேளைகளில் முடிவு செய்திருக்கின்றது.

சோலை என்னும் சொல்லின் பயணம்

சூழலியல் நூல்களில் 'ஷோலா' என வழங்கும் கலைச்சொல் தமிழின் 'சோலை' என்பதே. ஆங்கிலேய அலுவலர் வாய்வழி அது ஆங்கிலத்துள் புகுந்தது. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்–ஜாப்சன்' சொற்களஞ்சியம் அதனைத் தனிச்சொல்லாகவே பதிவு செய்கின்றது. மலைமடிப்புகளில் ஓடையை ஒட்டி அடர்ந்து நிற்கும் குறுமரக் காடு என்ற வரையறையோடு பின்னர் அது அறிவியலில் நிலைபெற்றது. வட்டவடைச் சூழலில் இச்சொல் இடப்பெயர்களிலேயே வாழ்கின்றது: பாம்பாடும் சோலை, மன்னவன் சோலை. 2003இல் இங்கு இரு தேசியப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டபோது, பெயர்கள் ஆங்கில வழியாகத் திரும்பி வந்தன. இன்று தமிழ்ச் செய்திகளில் 'பாம்பாடும் ஷோலா' என்றும் 'ஷோலா காடுகள்' என்றும் எழுதப்படுவதைக் காணலாம். சொந்த வீட்டுக்குள் ஒரு சொல் விருந்தினராக நுழைவதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. 'ஷோலா காடு' என்பது கூறியது கூறலுமாகும்.

சோலைக்குக் கிடைத்த பெயர்ப்பேறு அதனைச் சூழ்ந்த புல்வெளிக்குக் கிடைக்கவில்லை. மலைமுகடுகளில் புல்லும் மடிப்புகளில் சோலையும் அருகருகே அமைவது இம்மலைகளின் இயல்பு. ஆனால் உழப்படாததும் மரமற்றதுமான நிலம் ஆங்கிலேயர் கால வருவாய் ஏடுகளில் 'பாழ்நிலம்' என்னும் பொருள்தரும் சொல்லுக்குள் அடக்கப்பட்டது. பாழ் எனப் பெயரிட்டபின் அதனைப் 'பயன்படுத்துதல்' கடமையாகத் தோன்றுவது இயல்பே. நீலகிரியிலும் பழனிமலையிலும் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியச் சீகையும் யூக்கலிப்டசும் புல்வெளிகளில் நடப்பட்டன. வட்டவடைப் பகுதியும் இதற்கு விலக்கன்று.

இப்புல்வெளி, காடு அழிந்து தோன்றிய வெற்றிடமா, தன்னியல்பான நிலவகையா என்ற வினாவுக்கு விடை பிற்பாடே கிடைத்தது. நீலகிரிச் சதுப்பு மண்ணின் கரிமக் கூறுகளை ஆராய்ந்து இரா. சுகுமார் குழுவினர் 1993இல் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாகத் தட்பவெப்ப மாற்றத்துக்கேற்பப் புல்லும் மரமும் இம்மலைகளில் ஏறியும் இறங்கியும் வந்துள்ளதைக் காட்டியது. புல்வெளி மனிதர் கைபடுமுன்பே இருந்தது என்பது இதனால் பெறப்படும். 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களின் துணைகொண்டு, வட்டவடையை அடுத்த பழனிமலையில் நாற்பதாண்டுகளுக்குள் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மறைந்ததை அளந்து கூறிற்று. ஆனைமுடிச் சோலைப் பூங்காவைச் சார்ந்த பழத்தோட்டத்தில், சீகை நின்ற நிலத்தில் மண்ணுக்குரிய புல்வகைகளை மீண்டும் நடும் பணியைக் கேரள வனத்துறை உள்ளூர் மக்களைக்கொண்டு மேற்கொண்டது. சீகையின் விதை மண்ணுள் பல்லாண்டுகள் உறங்கித் தீப்பட்டதும் முளைக்கும். ஆகவே மரத்தை வெட்டுவதோடு பணி முடிவதில்லை. முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கவேண்டும்.

யூக்கலிப்டசு மரத்தின் பெயர் எதிர்த்திசையில் சென்றது. நீலகிரித் தமிழர் 'கற்பூர மரம்' என்றும் சமவெளியினர் 'தைலமரம்' என்றும் வழங்கும் அது, தேவிகுள மலைகளில் 'கிராண்டிஸ்' எனப்படுகின்றது. தாவரவியலார் சிற்றினத்தைச் சுட்ட இட்ட, 'பெரியது' எனப் பொருள்படும் இலத்தீன் அடை அப்படியே உழவர் வாய்மொழியாயிற்று. நீரோடைகள் வற்றுவதற்குக் கிராண்டிசே காரணம் என உழவர் முறையிடுகையில் அவர்கள் ஆள்வது வனவியலாரின் சொல். வனவியலார் அறிக்கையில் எழுதுவதோ உழவரின் சொல்.

குறிஞ்சியும் குந்தியும்

கொட்டாக்கம்பூர், வட்டவடைப் பகுதிகளில் 3,200 ஹெக்டேர் பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக ஆக்கும் அறிவிப்பு, குறிஞ்சி பூத்த 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வெல்லைக்குள் உழவர் பட்டா நிலங்களும் அடங்கியமையால், பூவின் பெயர் வழக்கின் பெயராகவும் ஆயிற்று. திணைக்குப் பெயர் தந்த மலர் நில உரிமை விசாரணைக் கோப்பின் தலைப்பானதை இலக்கிய மாணவர் வியப்போடு நோக்குவர். கோப்பைத் தூக்கிக்கொண்டு தேவிகுளத்துக்கு நடந்தவர்க்கு அவ்வியப்புக்கு நேரமிருந்திராது.

குறிஞ்சியின் அறிவியற்பெயரில் வரும் 'குந்தியானா' என்னும் அடை, பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழையைக் குறிப்பதாகப் பரவலாக எழுதப்படுகின்றது. இது பிழை. 1832இல் நீஸ் என்னும் ஜெர்மானியர் இட்ட இவ்வடை, ஹம்போல்டு திரட்டிய தென்னமெரிக்கத் தாவரங்களை வகைப்படுத்திய கார்ல் குன்த் (1788–1850) என்பாரின் பெயரடியாகப் பிறந்தது. ஒலியொப்புமை ஒரு ஜெர்மானியரைப் பாண்டவர் தாயாக்கிவிட்டது. பாண்டவர் வனவாசக் கதை வழங்கும் அவ்விடத்தில் மக்கள் அவ்வாறு கொண்டது குற்றமன்று. சுற்றுலாக் கையேடுகளை மொழிபெயர்ப்போர் சரிபாராது அதனைப் பெருக்கியதே குற்றம்.

ஒரு மலைப்பூண்டு, இரு பதிவுகள்

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 'கொடைக்கானல் மலைப்பூண்டு' 2019இல் பதிவு பெற்றது. எல்லைக்கு இப்பால் விளையும் பூண்டு, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் முயற்சியால், 'காந்தளூர்–வட்டவடை வெளுத்துள்ளி' என்னும் பெயரில் 2022இல் பதிவாயிற்று. மலைத்தொடர் ஒன்றே. பயிரும் ஒன்றே. பதிவுகள் மட்டும் இரண்டு.

'வெளுத்துள்ளி' தமிழுக்கு அயற்சொல்லன்று. 'வெள்ளுள்ளி' சித்த மருத்துவ நூல்களில் பயில்வது. தெலுங்கு 'வெல்லுல்லி', கன்னட 'பெள்ளுள்ளி' என்பனவும் அதன் உடன்பிறப்புகள். புதுமை 'பூண்டு' என்பதில்தான் உள்ளது. 'புல் பூண்டு' என்னும் இணைமொழியில் எல்லாச் சிறுசெடிகளையும் சுட்டிய அச்சொல், தமிழில் பொருள் குறுகி ஒரு செடிக்கே உரியதாயிற்று. ஆயினும் வட்டவடை உழவர் விளைவிப்பது பூண்டு. தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பதும் பூண்டு. ஏட்டுப்பெயரும் சந்தைப்பெயரும் வேறுபடுமிடத்துப் பதிவின் பயனாகிய கூடுதல் விலை எப்பெயரைத் தேடிவரும் என்பது மொழியியல் வினா மட்டுமன்று.

அதே 2022இல் கேரளத்தில் பதிவானவற்றுள் பாலக்காட்டு அட்டப்பாடியின் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் அடங்கும். இங்கு வேளாண் ஆய்வு நலவாழ்வோடு இணைகின்றது. 2013இல் அட்டப்பாடியில் நிகழ்ந்த பழங்குடிக் குழந்தைகளின் தொடர் இறப்புகள், தாய்மாரின் ஊட்டக்குறைவையும் மரபுத் தானியங்கள் உணவிலிருந்து மறைந்ததையும் ஆய்வாளர் கவனத்துக்குக் கொணர்ந்தன. 2017இல் சிறுதானிய கிராமத் திட்டம் அங்குத் தொடங்கப்பெற்றது. ஆனால் அத்தானியங்களுள் முதன்மையானது தமிழில் கேழ்வரகு, கேப்பை, மலையாளத்தில் பஞ்ஞப்புல், முத்தாறி, கூவரகு, இருமொழியிலும் ராகி. நலவாழ்வுத் துண்டறிக்கையில் 'முத்தாறி' என்று அச்சிட்டால், அதனைக் கேப்பையென்றே அறிந்த தாய் கடையில் புதியதொரு பண்டத்தைத் தேடக்கூடும். அகராதியில் ஒருபொருட் பன்மொழியாக நிற்பவை, மருந்தகத்து வாயிலில் வேறு வேறு பொருளாகிவிடுகின்றன.

குடி, ஊர், நகர்

கல்வித் துறையில் பெயரைவிட மொழியே முன்நின்றது. 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ள இடம் தருகின்றது; 2017ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கற்றலைக் கட்டாயமாக்கியது. முதுவர் சிறாருக்கோ இரண்டும் பள்ளிமொழிகளே. வீட்டில் வழங்குவது முதுவர் மொழி. மலைக்குடியிருப்புகளில் பல வகுப்புகளை ஓராசிரியரே நடத்திய கற்றல் மையங்கள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பின. ஆசிரியர் குடியிலேயே தங்கியதால், வீட்டுமொழி வழியே பள்ளிமொழிக்குச் சிறாரை அழைத்துச் செல்ல இயன்றது. 2022இல் அம்மையங்கள் மூடப்பட்டன.

முதுவர் தம் குடியிருப்பைக் 'குடி' என்பர். அட்டப்பாடி இருளர் 'ஊர்' என்பர். அரசு ஏடுகள் இரண்டையும் பெரும்பாலும் 'காலனி' எனவே எழுதிவந்தன. 2024 ஜூன் மாதம் கேரள அரசு, 'காலனி', 'சங்கேதம்', 'ஊரு' ஆகிய சொற்கள் தாழ்வு கற்பிப்பன எனக்கூறி, 'நகர்', 'உன்னதி', 'பிரகிருதி' போன்றவற்றை வழங்குமாறு ஆணையிட்டது. 'காலனி'யை நீக்கியது பொருத்தமே. ஆனால் தமிழும் மலையாளமும் பிரியுமுன்பே வழங்கிய 'ஊர்' என்னும் சொல் அதனோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டது. வட்டவடையின் 'குடி' அவ்வரிசையில் இடம்பெறவில்லை. ஊராட்சியின் முதுவர் குடியிருப்புப் பெயர்கள் 'குடி' என்றே முடிகின்றன.