எல்லைக்கோடும் ‘கே’ விசையும்: நெய்யாற்றின்கரை வட்டாரத்திலிருந்து ஒரு கணினி வரலாறு

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்த நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது. அதியன்னூரும் பாறசாலையும் அப்பக்கம், களியக்காவிளை இப்பக்கம். நிர்வாகம், நீதிமன்றம், பாடநூல் என ஒவ்வொன்றாகப் பிரிந்த கதை பலரும் எழுதியதுதான். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் பிரிந்த இன்னொன்றைப் பற்றி எழுதியோர் குறைவு. அது பள்ளிக் கணினியின் இயங்குதளம். இப்பதிவு அதைப் பற்றியது.

கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். இரண்டும் ஒரே நகரில், ஒரே ஆண்டில் நிகழ்ந்தபோதிலும் தொடக்கத்தில் ஒன்றோடொன்று சேரவில்லை. பள்ளிகளுக்கு முதலில் வந்த கணினிப் பாடம் ஒரு தனியார் நிறுவனத்தின் இயங்குதளத்தையே உலகமாகக் கொண்டிருந்தது. அரசுப் பாடநூல் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளுக்கு மாணவரைப் பழக்கலாமா என்ற கேள்வியை ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பினர். கேள்வி விலையைப் பற்றியது மட்டுமன்று. ஒரு மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்து மாற்றவும், படியெடுத்துப் பகிரவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் பயனருக்கு உரிமை உண்டா என்பதே அதன் உட்பொருள்.

டெபியனை அடிப்படையாகக் கொண்டு ஐடி@ஸ்கூல் குனு/லினக்ஸ் உருவானது. பின்னர் அதன் அடித்தளம் உபுண்டுவுக்கு மாறியது. இடைப்பட்ட காலத்தில் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வை இரண்டு இயங்குதளங்களில் எதிலும் எழுதலாம் என்ற நிலை இருந்தது. 2008இல் அத்தேர்வு முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஒரு மாநிலத்தின் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரே பருவத்தில் லினக்ஸில் தேர்வெழுதிய நிகழ்வு அது. ஐடி@ஸ்கூல் திட்டம் 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமானது. 2019இல் அதன் புதிய பதிப்பு வெளிவந்தபோது, 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் உரிமக் கட்டணம் தவிர்ந்ததால் 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று அரசுத் தரப்பு மதிப்பிட்டது. வாங்காத பொருளின் விலையை மிச்சமெனக் கணக்கிடும் முறையை ஒருவர் ஐயுறலாம். அத்தொகையைக் காட்டிலும் பெரிய ஆதாயம் வேறிடத்தில் இருந்தது என்பதே என் கருத்து.

அந்த ஆதாயம் கைப்பழக்கம். பள்ளியின் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் கணினிப் பட்டதாரி அல்லர். கணக்கோ இயற்பியலோ மொழியோ கற்பிக்கும் ஆசிரியர். அவர் சில திறன்களைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. வன்தட்டைத் தொடாமலே குறுவட்டிலிருந்து இயங்குதளத்தை இயக்கிப் பார்ப்பது முதற்படி. பழைய கோப்புகள் அழியாதவாறு வன்தட்டைப் பகுத்து, இரண்டு இயங்குதளங்களையும் அருகருகே நிறுவுவது அடுத்தபடி. கணினி தொடங்கும்போது எதைத் தேர்வது என்று கேட்கும் ‘கிரப்’ நிரல் பழுதுபட்டால் அதை மீட்பது மூன்றாம்படி. முனையத்தைத் திறந்து ஓர் ஆணையில் மென்பொருளை நிறுவுவதும், ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என வரையறுப்பதும் பின்னர் வந்தவை. இவற்றைக் கற்ற ஆசிரியர், கணினி நின்றுபோனால் பழுதுபார்ப்பவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாணவருக்கு வந்த கருவிகளும் பாடத்தோடு பிணைந்தவை. வடிவவியலுக்கு டாக்டர் ஜியோ, பின்னர் ஜியோஜீப்ரா, வேதியியலுக்குக் கால்சியம் என்னும் தனிம அட்டவணை, நிலவரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், படத்துக்குக் கிம்ப், இங்க்ஸ்கேப், நிரலாக்கத்துக்குப் பைத்தான். இவை அனைத்தையும் மாணவர் தம் வீட்டுக் கணினியிலும் சட்டப்படி நிறுவலாம். நண்பருக்கும் படியெடுத்துத் தரலாம். திருட்டுப் படியை வைத்துக்கொண்டு நேர்மையைப் பற்றிப் பாடம் நடத்தும் முரண் அவ்வகுப்பறைகளில் இல்லாமற்போயிற்று.

இனி எல்லைக்கு இப்பால் வருவோம். தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கியிருந்தது என்று சொல்வது வரலாற்றுப் பிழை. 1998 முதலே சென்னையில் லினக்ஸ் பயனர் குழு செயல்பட்டுவந்தது. சென்னை சிடாக் நிறுவனம் ‘பாஸ்’ லினக்ஸை 2007இல் வெளியிட்டது. எல்காட் நிறுவனம் அதே காலத்தில் தன் அலுவலகப் பணிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்டக் கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆயினும் மாணவர் கைக்கு வந்த பெட்டியில் இரண்டு கதவுகள் இருந்தால், முன்பே பழகிய கதவைத்தான் கை திறக்கும். மற்றதைத் திறந்தே ஆகவேண்டும் என்று கோரும் தேர்வு அங்கில்லை. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் உபுண்டுவுக்கும் இடம் தந்தது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. ஆனால் இவை கணினி அறிவியலைத் தேர்ந்தெடுத்த மேல்நிலை மாணவர்க்கு மட்டுமே. கேரளத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவரும் பெற்ற பழக்கம் இங்கு ஒரு பிரிவினரின் பாடமாயிற்று.

அப்படியானால் பாறசாலைப் பக்கத்துத் தமிழ் மாணவர் பேறு பெற்றவரா? ஒரு வகையில் ஆம். மற்றொரு வகையில் அவர் ஒரு சிறு இடர்ப்பாட்டில் நிற்கிறார். அதன் சின்னம் விசைப்பலகையின் ‘கே’ விசை.

கேரளப் பள்ளிகள் மலையாளத் தட்டச்சுக்கு இன்ஸ்கிரிப்ட் முறையைக் கற்பிக்கின்றன. 1991இல் இந்தியத் தர நிறுவனம் வகுத்த இம்முறையில், இந்திய மொழிகளின் ஒத்த ஒலிகளுக்கு ஒரே விசை. ‘கே’ விசையைத் தட்டினால் மலையாளத்திலும் ககரம், தமிழிலும் ககரம். மலையாளம் தட்டச்சப் பழகிய விரல், தமிழையும் புதிய பயிற்சியின்றித் தட்டச்சிவிடும். தமிழ்நாட்டிலோ 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 முறை அரசின் தரம். அதில் ககரம் ‘எச்’ விசையில் இருக்கிறது. ‘கே’ விசை மகரத்தைத் தரும். களியக்காவிளை வழியாக நாகர்கோவில் கல்லூரிக்கு வரும் மாணவர் தமிழ்99 கணினி முன் அமர்ந்தால், அவர் எழுதும் முதல் எழுத்தே பிழையாகும். மொழி ஒன்று, எழுத்து ஒன்று. விரலின் நினைவு மட்டும் வேறு.

இதற்குத் தீர்வு அம்மாணவர் பள்ளியில் கற்ற இயங்குதளத்திலேயே இருக்கிறது. லினக்ஸின் ‘ஐபஸ்’ உள்ளீட்டுக் கருவியில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி முறை, ஒலியன் முறை ஆகியன அனைத்தும் உண்டு. வேண்டிய இரண்டைச் சேர்த்துக்கொண்டு ஒரு விசைச்சேர்க்கையில் மாறிமாறிப் பயன்படுத்தலாம். இவ்வமைப்புகள் ஒவ்வொன்றும் யாரும் திறந்து படிக்கத்தக்க உரைக்கோப்பு என்பது இன்னும் முக்கியம். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை நாமே மாற்றி எழுதலாம். எல்லைக்கோட்டை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. விசைக்கோட்டை மாற்ற உண்டு. கட்டற்ற மென்பொருளின் ‘உரிமை’ என்ற சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் இதைவிடத் தெளிவான பொருளை நான் காணவில்லை.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். 1956இன் வரலாற்றுக்கு அரசாணைகளும் வழக்கேடுகளும் சான்றாக நிற்கின்றன. 2000களின் இக்கணினி வரலாற்றுக்குச் சான்று எளிதில் கீறலுறும் குறுவட்டுகளும், பழைய தாளாக எடைக்குப் போகும் பாடநூல்களும்தாம். அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரப் பள்ளிகளில் அக்காலத்தில் படித்தோரும் கற்பித்தோரும் தம்மிடம் உள்ள ஐடி@ஸ்கூல் குறுவட்டு, பயிற்சிக் கையேடு, தேர்வுக் குறிப்பு எதுவாயினும் எறிந்துவிட வேண்டா. குறுவட்டின் முழுப்படியைக் கணினியில் எடுத்து வையுங்கள். அதற்கான ஆணையும் அந்த இயங்குதளத்திலேயே இருக்கிறது. எந்த விசைமுறையில் தமிழ் தட்டச்சக் கற்றீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். அந்த ஒரு வரியும் ஆவணமே.