வட்டமாக நின்றவர்கள்

ஒரு பொருளை மனிதன் இரண்டு காரணங்களுக்காக மறைக்கிறான். வெட்கப்பட வேண்டியது என்று மறைப்பது ஒன்று. விலை உயர்ந்தது என்று மறைப்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரியின் பந்தாட்டச் சரித்திரத்தைப் படித்தபோது இந்த வித்தியாசம் எனக்கு நன்றாக விளங்கிற்று.

அமெரிக்கர்கள் ‘புட்பால்’ என்று சொல்லும் ஆட்டத்தில் காலால் உதைக்கும் வேலை கொஞ்சம்தான். நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், எறிவதும், ஓடுகிறவனை மடக்கி வீழ்த்துவதுமே ஆட்டம். ஒவ்வொரு மோதலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். அடுத்த மோதலுக்கு முன், பந்து வைத்திருக்கும் கட்சியார் பதினொரு பேரும் வட்டமாகக் கூடித் தலையோடு தலை சேர்த்து ரகசியம் பேசுவார்கள். அதற்கு ‘ஹடில்’ என்று பெயர். அந்த வட்டத்துக்கு ஒரு கதை உண்டு.

வாஷிங்டன் நகரில் காது கேளாதவர்களுக்கென்று 1864-இல் ஒரு கல்லூரி ஏற்பட்டது. உள்நாட்டுப் போருக்கு நடுவே ஜனாதிபதி லிங்கன், பட்டம் வழங்கும் உரிமையை அதற்கு அளித்துக் கையெழுத்திட்டார். அதன் முதல் தலைவர் எட்வர்ட் மைனர் காலடெட். அவருக்குக் காது கேட்கும்; அவருடைய தாயாருக்குக் கேட்காது. ஆகவே சைகை மொழி அவருக்குத் தாய்மொழி என்றே சொல்லலாம்.

1880-இல் இத்தாலியில் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மகாநாடு கூடிற்று. வந்திருந்த பிரதிநிதிகள் நூற்றறுபதுக்கு மேல். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர்! சைகையை விட்டுவிட்டு வாய்ப்பேச்சின் மூலமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. காலடெட் எதிர்த்துப் பார்த்தார்; பலிக்கவில்லை. பிறகு எத்தனையோ பள்ளிகளில் குழந்தைகள் உபாத்தியாயர் கண்ணில் படாமல்தான் தங்கள் மொழியைப் பேச வேண்டியிருந்தது. இது முதல் வகை மறைவு. வெட்கப்படாதவர்களை வெட்கப்படச் செய்த மறைவு.

1894-இல் அந்தக் கல்லூரிக்குக் காலடெட் பெயர் வந்தது. அதே ஆண்டில்தான் ஹடிலும் பிறந்தது என்று அங்கே சொல்கிறார்கள். அணியை நடத்தியவன் பால் ஹப்பர்ட் என்ற மாணவன். காது கேட்கும் அணியோடு ஆடும்போது அவனுக்குக் கவலையில்லை. வெட்டவெளியில் கையசைத்துத் திட்டம் சொல்லலாம், எதிரிக்கு ஒன்றும் புரியாது. ஆனால் எதிரே நிற்பதும் காது கேளாதோர் அணி என்றால்? அத்தனை கண்களும் அவன் விரல்களைப் படித்துவிடும். எனவே தன் ஆட்களை வட்டமாக நிறுத்தி, அந்த அரணுக்குள் கையை வைத்துப் பேசினான்.

இது இரண்டாம் வகை மறைவு. எதிரிக்குப் புரியும் என்பதற்காக மறைக்கப்பட்ட மொழி, மொழி என்று முழு மதிப்புப் பெற்ற மொழி அல்லவா?

ஹடிலுக்கு வேறு உரிமைக்காரர்களும் உண்டு. சிகாகோ சர்வகலாசாலையின் புகழ்பெற்ற பயிற்சியாளர் அமோஸ் அலான்ஸோ ஸ்டாக் அவர்களில் ஒருவர். வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தேவை யாருக்கு அதிகம் இருந்தது என்று கேட்டால், என் மனம் ஹப்பர்ட் பக்கமே சாய்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டு 1973-இல் மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவில் ஆட்டத் திறமைக்காக உபகாரச் சம்பளம் கிடையாது. படிக்க வந்த பையன்கள் ஆசைக்காக ஆடுகிறார்கள். அந்தப் பிரிவின் இறுதிப் பந்தயத்துக்கு ஸ்டாக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

காலடெட் அந்தப் பிரிவைச் சேர்ந்தது. 1883-இல் பந்தைத் தொட்ட கல்லூரி அது. மற்ற அணிகள் குரல் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும். இவர்கள் பந்து அசைவதைப் பார்த்துத் தொடங்குவார்கள். ஒரு காலத்தில் மைதான ஓரத்தில் பெரிய முரசை அடித்து, அதன் அதிர்வை உடம்பால் உணர்ந்தும் ஆடினார்கள். கல்லூரிக்கு வெளியேயும் இவர்களுக்குப் போராட்டங்கள் இருந்தன, உள்ளேயும் இருந்தன. காது கேளாத ஒருவரைத் தங்களுக்குத் தலைவராகப் பெறவே 124 ஆண்டுகள் பிடித்தன. 1988-இல் மாணவர்கள் ஒரு வாரம் கல்லூரியை மூடிவைத்துத்தான் அதைச் சாதித்தார்கள்.

2013-ஆம் ஆண்டுப் பருவம் வந்தது. பயிற்சியாளர் சக் கோல்ட்ஸ்டைன் காது கேட்பவர். அவருடைய அணி பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்றது. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய தேசியப் பந்தயங்களுக்கு 32 அணிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றில் காலடெட் ஒன்று. கல்லூரிச் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. நவம்பரில் நியூயார்க் மாகாணத்து ஜெனீவா நகருக்குப் போய் ஹோபார்ட் கல்லூரியோடு மோதினார்கள். 34-க்கு 7 என்று தோற்றார்கள். அந்த வருஷக் கோப்பை கடைசியில் விஸ்கான்ஸின் மாகாணத்து ஒயிட்வாட்டருக்குப் போயிற்று.

ஒரே ஆட்டத்தில் முடிந்த யாத்திரைதான். புள்ளிப் பட்டியலைப் பார்க்கிறவர் அத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. மிலானில் கூடிய பெரியவர்களின் தீர்மானத்தை இன்று யாரும் போற்றுவதில்லை. வாஷிங்டனில் சில பையன்கள் கூடி நின்ற வட்டமோ, காது கேட்கிறவர்களின் மைதானங்களிலும் இன்றுவரை நிற்கிறது.