மலைமேல் விளங்கிய கல்விச்சாலை

கல்விக்கூடத்தை நாம் 'பள்ளி' என்கிறோம். முற்காலத்தில் அச்சொல் சமண முனிவர்களின் உறைவிடத்தைக் குறித்து வழங்கியது. அறவோர் தங்கிய இடமே மாணாக்கர் பாடங்கேட்கும் இடமுமாயிற்று. அத்தகைய பள்ளிகளுள் தலைசிறந்த ஒன்று, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலையில் விளங்கியது.

பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் (கி.பி. 768–815) காலத்தையொட்டிச் சிறப்புற்றிருந்த இவ்விடத்தில், பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பல ஊர்களைச் சேர்ந்த ஆசிரியர்களும் மாணாக்கர்களும் அவர்களுள் உளர். குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும், தச்சர், குயவர் முதலிய தொழிலாளரும் உளர். சித்தாந்தம் உரைக்கும் துறவியரின் உணவுக்கென அளித்த அறக்கொடையையும் ஒரு கல்வெட்டு கூறுகிறது. பெண்டிர் ஆசிரியராய் வீற்றிருந்த ஒரு கல்விச்சாலையின் பெயரேடு அப்பாறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

இவ்வளாகத்திற்குத் தனியே சுவரோ கூரையோ இல்லை. பாறையே சுவர், பாறை நிழலே வகுப்பறை, சுனையே தண்ணீர்ப் பந்தல். ஆதலின் சிற்பத்தை மட்டும் காத்து மலையைக் கைவிடுதல் இயலாது. அருகே வெடி வைத்துக் கல் பிளந்தால் பாறையில் விரிசல் விழும். பக்தி மிகுதியால் பூசும் வண்ணம் எழுத்துகளை மூடிவிடும். விளையாட்டாகக் கீறும் பெயரோ ஆயிரம் ஆண்டுப் பெயரை அழித்துவிடும்.

மலையையும் சிற்பத்தையும் ஒருங்கே காத்தற்கு மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த அரிட்டாபட்டி நல்ல சான்றாகும். அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுடன் கூடிய குகைத்தளமும், அச்சணந்தி முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும் உள்ளன. அத்திருமேனியின் வட்டெழுத்துக் கல்வெட்டு, அதனைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருக்கு உரியது என்று முடிகிறது. செய்வித்தவர் துறவி, காவலர் ஊரார்.

அப்பொறுப்பு இன்றும் மறக்கப்படவில்லை. 2022இல் அரிட்டாபட்டி, தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தபோது சுற்றுப்புற ஊர்மக்கள் திரண்டெழுந்து எதிர்த்தனர். 2025 சனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. போராடியவர்களுள் பெரும்பாலோர் சமணர் அல்லர். தங்கள் மலையையும் நீர்நிலைகளையும் காக்க எழுந்த உழவர்கள். அவர்கள் காத்தவற்றுள் நம் முன்னோரின் பள்ளியும் ஒன்று.

அவ்வூராருக்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம். அதனைச் செயலால் தீர்ப்போம். இத்தலங்களுக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று வட்டெழுத்தைக் காட்டுவோம். திருமேனிகளில் எண்ணெயும் வண்ணமும் பூசாதிருப்போம். சிதைவு கண்டால் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்போம்; மலையடிவார மக்களோடு உறவு பேணுவோம். சாத்திர தானத்தைப் போற்றும் நமக்கு, சாத்திரம் ஓதிய இடத்தைக் காத்தலும் தானமே ஆகும்.