பாலாவி ஓடுபாதையும் பழைய கார்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வாலிபப் பிள்ளை இருப்பவர்களும், முற்றத்து மூலையில் பழைய கார் ஒன்று நிற்பவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

பாலாவியில் விமானப்படை முகாம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாக இருந்தது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அந்தக் கடற்படை, தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பலுக்கு வைப்பதுபோலத்தான் பெயர் வைக்கும். புத்தளம் தளத்தின் பெயர் 'எச்.எம்.எஸ். ராஜாளிய'. சிங்களத்தில் ராஜாளிய என்றால் கழுகு. தமிழிலும் ராஜாளி என்ற சொல் இருக்கிறதே! அங்கே கோர்செயார் என்ற போர் விமானத்தை யானை கட்டி இழுக்கும் படங்கள் இன்றும் இருக்கின்றன.

இந்த ராஜாளிக்குத் தெற்கே ஓர் உடன்பிறப்பு இருந்தது. களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தவில் அதே கடற்படை அமைத்த தளம். பெயர் 'எச்.எம்.எஸ். உகுஸ்ஸ', அதாவது பருந்து. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன. பருந்தின் ஓடுபாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பந்தயம் ஓடத் தொடங்கின. இலங்கையின் மோட்டார் பந்தய வரலாற்றில் கட்டுக்குருந்தவுக்குத் தனி இடம் உண்டு.

இது நம் நாட்டில் மட்டும் நடந்த கதை அல்ல. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டன், குட்வூட் இரண்டுமே போர்க்கால விமானத் தளங்கள்தான். இரண்டிலும் 1948இல் பந்தயம் தொடங்கியது. கடல் கடந்து சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம். அதுவும் போர்க்கால ஓடுபாதை. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. இலங்கை ஓட்டுநர்களும் போய் ஓடினார்கள்.

கொழும்பில் இது தலைகீழாக நடந்தது. குதிரைப் பந்தயத் திடலைப் போருக்காக ஓடுபாதை ஆக்கினார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, அந்தத் திடலிலிருந்தும் ஹரிகேன் விமானங்கள் எழும்பின.

ஏன் ஓடுபாதையைத் தேடிப் போனார்கள்? அகலமான, மட்டமான தரை. ஓரத்தில் மரமில்லை, மதகு இல்லை. குறுக்கே ஆடு, மாடு, பாடசாலைப் பிள்ளை, மீன்காரரின் சைக்கிள் வராது. சறுக்கினால் புல்லில் போய் நிற்கலாம். வேகம் ஓடுவது என்றால் அதற்கென்று ஓர் இடம் வேண்டும் என்பதை அன்றே விளங்கி வைத்திருந்தார்கள். 1934இல் தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியிலும் இதே ஒழுங்குதான். பாதையை மூடிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் கடிகாரத்தோடு போட்டி போடும்.

அந்தக் காலத்தில் ஓடிய கார்களில் பல, வீட்டுக் கார்கள். மினி, ஒஸ்டின், வொக்ஸ்வாகன் போன்றவை. பந்தயத்துக்கு முதல் நாள் வரை கராஜில் வேலை நடக்கும். இதில் மினியின் கதை நமக்குப் பாடமாக இருக்கும். 1959இல் வந்த முதல் மினிக்கு 848 சி.சி. என்ஜின், 34 குதிரைவலு. 1961இல் ஜோன் கூப்பர் என்ற பந்தயக் கார் தயாரிப்பாளரின் பெயரோடு வந்த மினி கூப்பருக்கு 55 குதிரைவலு. வலுவைக் கூட்டியவர்கள் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டார்கள். ஓட வைப்பதோடு சேர்த்து நிற்பாட்டவும் வழி செய்தார்கள். அந்தச் சின்னக் கார்தான் 1964இல் மொன்டே கார்லோ ரெலியை வென்றது.

பிறகு 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். புதுக் கார் கனவிலும் வராது, சாமான் கிடைக்காது. இருந்ததைத் திருத்தித் திருத்தியே ஓட வேண்டும். நம் பாஸ்மார் லேத்தில் கடைந்தார்கள், தகடு தட்டினார்கள், ஒரு காரின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தினார்கள். அந்தக் கைப்பழக்கம் வீண்போகவில்லை. 1990களின் தொடக்கத்தில் தொழிலதிபர் தனபால சமரசேகரவும் இங்கிலாந்தின் சார்ல்ஸ் வெயாரும் சேர்ந்து மொரிஸ் மைனர் காரின் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். கார் பிறந்த நாட்டுக்கு நாம் பாகம் கொடுத்தோம்! 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025 வரை தனியார் கார் வராதிருந்த காலத்திலும் நம்மைத் தாங்கியது இந்தக் கைகள்தான்.

இன்று பல நாடுகளில் 'ட்ராக் டே' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அது பந்தயம் அல்ல, பரிசும் இல்லை. மூடிய ஓடுதளத்தில் காசு கட்டி, சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள். முன்னே போகும் கார் கைகாட்டினால்தான் முந்தலாம், அதுவும் நேர்ப்பாதையில் மட்டும். ஐம்பது, அறுபது வயதுக் கார்களையும் கொண்டுவருகிறார்கள். அதற்கு அவர்கள் செய்யும் ஆயத்தம் நாம் எல்லோரும் அறிய வேண்டியது.

முதலில் பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். அவ்வளவு சக்தியையும் பிரேக்தான் சூடாக வெளியேற்ற வேண்டும். பழைய டிரம் பிரேக் தொடர்ந்து மிதித்தால் சூடாகிப் பிடி இழக்கும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்தபின் தர விதி கேட்பது 140தான். கொதித்தால் குமிழி வரும், பெடல் அடிவரை போகும், கார் நிற்காது. ஆகவே புது ஒயில், புது ரப்பர் ஹோஸ், புது லைனர் போடாமல் யாரும் போவதில்லை.

அடுத்தது டயர். பூ இருந்தால் போதாது, வயதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பிறகு ரேடியேட்டர், ஃபேன் பெல்ட், சக்கர பெயாரிங், அக்ஸிலேட்டர் திரும்பும் ஸ்பிரிங். பற்றரியை இறுக்கிக் கட்டுவார்கள். சீட்டுக்குக் கீழே கிடக்கும் போத்தல், ஸ்பானர் எல்லாவற்றையும் வெளியே எடுப்பார்கள். உருண்டு போய் பெடலுக்குக் கீழ் அகப்பட்டால் கதை முடிந்தது. சீட் பெல்ட், ஹெல்மட், தீயணைப்புக் கருவி இருக்கும். நம்மைப் போல உப்புக்காற்று ஊர்க்காரருக்கு இன்னொன்றும் உண்டு. மேலே பளபளக்கும் கார் கீழே துருவில் அரித்துப் போயிருக்கலாம். தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்க்க வேண்டும்.

ஓடும்போதும் ஒழுங்கு இருக்கிறது. முதல் சுற்று மெதுவாக, ஒயிலும் டயரும் சூடாகும் வரை. கடைசிச் சுற்றும் மெதுவாக, பிரேக் ஆறும் வரை. நிறுத்திய உடனே ஹேண்ட் பிரேக் இழுக்க மாட்டார்கள், கியரில் விட்டுவிடுவார்கள்.

ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு இத்தனை நாள் ஆயத்தம்! நம் பிள்ளைகளோ லைனர் தேய்ந்த பைக்கில், ஹெல்மட் இல்லாமல், கற்பிட்டி வீதியிலும் கொழும்பு வீதியிலும் போட்டி ஓடுகிறார்கள். இந்நாட்டு வீதிகளில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அந்த ஜனாஸாக்களில் சிலவற்றை நம் தோளிலும் சுமந்திருக்கிறோம். வேகத்தில் ஆசை வைப்பது வாலிபத்தின் இயல்பு. ஆனால் வேகத்துக்கு ஓர் இடமும் ஓர் ஆயத்தமும் வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஆகவே இரண்டு வேண்டுகோள். வீட்டில் நிற்கும் ஸ்ரீ நம்பர் காரை இரும்புக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். ஊரில் இருக்கும் மூத்த பாஸ் ஒருவரிடம் போய், "விடுமுறையில் இந்தப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இதை எழுப்பித் தாருங்கள் நானா" என்று கேளுங்கள். பிரேக்கைத் தன் கையால் பிரித்துப் பூட்டிய பிள்ளைக்கு, அது எவ்வளவு சின்ன ஒரு ரப்பரை நம்பி நிற்கிறது என்று தெரியும். தெரிந்த பிள்ளை வீதியில் விளையாட யோசிக்கும்.

இரண்டாவது, நம் விளையாட்டுக் கழகங்களுக்கு. கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் மைதானம் கேட்பதுபோல, அனுமதியோடும் அம்பியூலன்ஸோடும் மூடிய இடத்தில் பாதுகாப்பாக வாகனம் ஓட்டப் பழக்கும் ஒரு நாளையும் உரியவர்களிடம் கேளுங்கள். பருந்தின் ஓடுபாதையில் முடிந்தது ராஜாளியின் ஊருக்கு முடியாதா?

நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. மொரிஸ், ஒஸ்டின், மினி வைத்திருந்த வாப்பாமார், அப்பாமாரின் நினைவுகளும் படங்களும் இருந்தால் கீழே பகிருங்கள். அதுவும் நம் ஊரின் வரலாறுதான்.