பொதிகையின் பச்சிலை

பொதிகை என்றதும் நம் நெஞ்சில் எழுபவர் அகத்தியர். எங்குக் குடியேறினும் அம்மலையை நாம் மறப்பதில்லை. ஆனால், அங்கேயே வாழ்ந்து மூலிகையறிவைத் தலைமுறைதோறும் காத்துவரும் காணி மக்களை எண்ணிப் பார்த்தோமா?

1987ஆம் ஆண்டு ஆய்வாளர் குழுவொன்று, காணியர் வழிகாட்ட அம்மலையில் ஏறிற்று. ஆய்வாளர்கள் களைத்தனர், வழிகாட்டிகளோ சிறு கனிகளைத் தின்று சோர்வின்றி நடந்தனர். செடி யாதென வினவியபோது முதலில் கூற மறுத்தனர். அது குலத்தின் மறைபொருள். பலமுறை வேண்டிய பின்னரே காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

கேரளத்தின் பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதனைக்கொண்டு 'ஜீவனி' என்னும் மருந்தைச் செய்தது. 1995இல் அதன் உரிமம் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் அளிக்கப்பட்டது. இவற்றில் பாதி காணியர்க்கென முடிவாயிற்று. அதனைப் பெற 1997இல் அறக்கட்டளை அமைந்தது.

பங்கு தந்தது நன்றே. ஆயினும் காணி மருத்துவர் சிலர் தம் அறிவு விலைபோவதை எதிர்த்தனர். வழிகாட்டியோர் சிலர், அறிவோ குலம் முழுவதற்கும் உரியது. அனைவரையும் கேளாது கொடுக்க யாருக்கு உரிமை?

நம் பாட்டியர் காய்ச்சித் தந்த கஷாயத்திற்கும் உரிமைச்சீட்டு இல்லை. அதனைக் கற்பித்தோர் யாரென்றும் நாம் கேட்டதில்லை. இனியேனும் கேட்போம்.