சிறாரின் குடல் அழற்சி நோயில் ஸ்டீராய்டு சிகிச்சை

பெருங்குடல் புண் அழற்சி, க்ரோன் நோய் ஆகிய இரண்டும் குடல் அழற்சி நோய் எனப்படுகின்றன. இவை சில காலம் அடங்கியிருந்து மீண்டும் தீவிரமடையும் தன்மையுடையவை. அடிக்கடி மலம் கழித்தல், மலத்தில் இரத்தம், வயிற்றுவலி, எடைக் குறைவு ஆகியவை தீவிரமடைந்ததற்கான அறிகுறிகள். அந்நிலையில் அழற்சியை விரைவாகத் தணிக்க ஸ்டீராய்டு அளிக்கப்படுகிறது. நோயை நெடுநாள் கட்டுக்குள் வைத்திருக்க அது ஏற்ற மருந்தன்று. அதற்கு அசதயோபிரின், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற வேறு மருந்துகள் தேவைப்படும்.

கிருமித்தொற்றும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால் முதலில் மலப் பரிசோதனை செய்யப்படும். குடல் காசநோய் க்ரோன் நோயைப் போலவே தோற்றமளிக்கும். காசநோய் இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அது தீவிரமடையும். ஆகவே இப்பரிசோதனைகளால் ஏற்படும் தாமதத்தை வீண் என எண்ண வேண்டாம்.

பிரெட்னிசோலோன் மாத்திரை பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம், பெரும்பாலும் நாளொன்றுக்கு 40 மி.கி.க்கு மிகாமல், காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாகத் தரப்படுகிறது. சில வாரங்களில் நலம் தெரிந்ததும் அளவு படிப்படியாகக் குறைக்கப்படும். முழுச் சிகிச்சையும் ஏறத்தாழ 10 வாரங்கள் நீடிக்கலாம்.

இடர் பெரும்பாலும் இக்கட்டத்தில்தான் நேர்கிறது. இரத்தப்போக்கு நின்றுவிடும், ஆனால் முகம் உப்பி, பருக்கள் தோன்றி, பசியும் எரிச்சலும் கூடியிருக்கும். வளரிளம் பருவத்தினருக்கு முகமாற்றம் பெரும் மனவேதனை தருவதால், சிலர் பெற்றோருக்குத் தெரியாமலே மாத்திரையைத் தவிர்க்கின்றனர். உடலுக்கு இன்றியமையாத ஸ்டீராய்டு ஹார்மோனை அட்ரீனல் சுரப்பி இயல்பாகவே சுரக்கிறது. வெளியிலிருந்து மருந்து தொடர்ந்து கிடைக்கும்போது அச்சுரப்பு குறைந்துவிடும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முகமாற்றம் மருந்து குறையக் குறைய மறையும் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நீடித்த பயன்பாடு உயர வளர்ச்சியையும் எலும்பின் வலிமையையும் பாதிக்கும். இதனால் சிறாரின் க்ரோன் நோயில், இயன்றவரை 6 முதல் 8 வாரங்கள் திரவ ஊட்ட உணவு மட்டும் அளிக்கும் முறையே முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. பெருங்குடல் புண் அழற்சிக்கு இம்முறை பயன் தருவதில்லை.

பெருங்குடல் புண் அழற்சி மிகக் கடுமையானால் மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக ஸ்டீராய்டு செலுத்தப்படும். 3ஆம் நாளிலும் 5ஆம் நாளிலும் முன்னேற்றம் மதிப்பிடப்பட்டு, போதாதெனில் வேறு மருந்தோ அறுவை சிகிச்சையோ முடிவு செய்யப்படும்.

சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் வந்தாலும், சின்னம்மை உள்ளவருடன் பழக நேர்ந்தாலும் உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவும். எந்தத் தடுப்பூசிக்கு முன்பும், பல் சிகிச்சைக்கு முன்பும் ஸ்டீராய்டு உட்கொள்வதைக் கூற வேண்டும்.